கோட்டைக்குள் ஒளியாத ராஜா

2021 ஜூலையில் ஜெர்மனியின் டார்ட்முண்ட் நகரில் விஸ்வநாதன் ஆனந்தும் விளாதிமிர் கிராம்னிக்கும் நான்கு ஆட்டங்கள் ஆடினார்கள். ஆனந்துக்கு அப்போது 51 வயது, கிராம்னிக்குக்கு 46. இருவரும் உலகச் சாம்பியன்களாக இருந்தவர்கள். 2008இல் பான் நகரில் பட்டத்துக்காக நேருக்கு நேர் மோதியவர்கள். டார்ட்முண்டிலும் அதே 64 கட்டம், அதே 32 காய். ஒரே ஒரு விதியை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். காஸ்லிங் கிடையாது. ராஜா பக்கவாட்டில் இரண்டு கட்டம் ஒதுங்க, மூலையில் நிற்கும் யானை அவரைத் தாண்டி வந்து காவல் நிற்குமே, அந்த ஏற்பாடு இல்லை. ராஜாவுக்குப் பத்திரமான இடம் வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டமாக நடந்துதான் போக வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஆனந்த் வென்றார், மற்ற மூன்றும் டிரா, 2.5–1.5.

நெடுங்காலமாக ஆடப்பட்டுவரும் ஒரு விளையாட்டை, அதை நேசிப்பவர்களைத் தொலைத்துவிடாமல் எப்படிப் புதிதாக்குவது? வீடியோ கேம் நிறுவனங்கள் கோடிக்கணக்கான பணத்தை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகின்றன. சதுரங்கக்காரர்கள் பணம் அதிகமில்லாமல் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகின்றன என்பது என் எண்ணம். அதிலும் சதுரங்கத்தில் நடந்த ஒரு முக்கியமான சோதனை நம் சென்னையில் நடந்தது என்பதால் இது நமக்கு வெளியூர்ச் சமாச்சாரம் இல்லை.

ஒரு விளையாட்டு எப்போது பழசாகிறது? காலம் ஆனதால் மட்டும் ஆவதில்லை. நன்றாக ஆடத் தெரிந்தவர் யோசிக்காமலே ஆட முடிகிறபோது பழசாகிறது. கை பழகிவிடுகிறது, அடுத்து என்ன வரும் என்பது மனப்பாடமாகிவிடுகிறது. ஆடுகிறவர் ஆட உட்காருவதற்கு முன்பே பாதி ஆட்டம் முடிந்திருக்கிறது.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1996இல் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’ பயமுறுத்துவதற்கென்றே செய்யப்பட்ட கேம். கேமரா அறையின் ஏதோ ஒரு மூலையில் அசையாமல் நிற்கும். நீங்கள் நடத்தும் ஆள் திரும்பவே நேரமாகும். அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். பயம் அங்கேதான் இருந்தது. ஆனால் அடுத்தடுத்த பாகங்களில் ஆட்டக்காரர்கள் அந்தக் கேமராவின் புத்தியைப் படித்துவிட்டார்கள். எங்கே ஜாம்பி என்ற நடைபிணம் நிற்கும், எத்தனை குண்டு மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் கணக்காகிவிட்டது. நான்காம் பாகத்துக்காகக் கேப்காம் பல வடிவங்களைச் செய்து பார்த்துக் கைவிட்டது. அப்படிப் பிரிந்து போன ஒன்று ‘டெவில் மே க்ரை’ என்ற தனித் தொடராகவே 2001இல் வந்தது. கடைசியில் ஷின்ஜி மிக்காமியின் இயக்கத்தில் 2005 ஜனவரியில் வந்த நான்காம் பாகத்தில் கேமரா நாயகனின் தோளுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது எதிரியை நன்றாகப் பார்க்கலாம், குறிபார்த்துச் சுடலாம். ஆனால் குறிபார்க்கும்போது ஓரடிகூட நகர முடியாது. கூட்டமாக ஊர்க்காரர்கள் மண்வெட்டியும் கோடரியுமாக நெருங்கிவர, நின்ற இடத்தில் நின்றுதான் சுட வேண்டும். பழைய பயத்தின் வேர் இதில் அப்படியே இருக்கிறது: உடம்பு சொன்னபடி கேட்காத நிலை. அது வெளிப்படும் வழி மட்டும் மாறியது.

அதே தொடரின் ஆறாம் பாகம் 2012இல் வந்தது. நான்கு தனித்தனிக் கதைகள், கார், விமானம், வெடிப்பு என்று ஏகப்பட்டதைச் சேர்த்திருந்தார்கள். விமர்சகர்கள் பலர் ஏமாற்றத்தோடு எழுதினார்கள். பயம் காணாமல் போயிருந்தது. 2017 ஜனவரியில் வந்த ஏழாம் பாகம் எல்லாவற்றையும் உதறிவிட்டு லூசியானா சதுப்புநிலத்தில் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் ஆட்டக்காரரைத் தள்ளிக் கதவைச் சாத்தியது. கேமரா ஆளின் கண்ணுக்குள்ளேயே போய்விட்டது.

‘செல்டா’ தொடரில் நடந்தது இன்னும் நுட்பமானது. 1986இல் ஷிகெரு மியாமோட்டோ அதை உருவாக்கியபோது, கியோட்டோ அருகே சோனோபேயில் சிறுவனாகக் காடு, குகை என்று சுற்றியலைந்த அனுபவம் அதற்கு ஊக்கமாக இருந்தது. முப்பது ஆண்டுகளில் தொடர் ஒரு தடத்தில் விழுந்துவிட்டது. ஒரு நிலவறைக்குள் போ, ஒரு கருவியை எடு, அந்தக் கருவியாலேயே அங்கிருக்கும் பூதத்தைக் கொல், அடுத்த நிலவறைக்குப் போ. தொடரின் வழக்கங்களையே மறுபரிசீலனை செய்யப் போவதாகத் தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா சொன்னார். ஹிடேமாரோ ஃபுஜிபயாஷி இயக்கி 2017 மார்ச் 3 அன்று வெளியான ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ அந்த வரிசையை எடுத்தே விட்டது. தொடக்கத்தில் ஒரு மேட்டுநிலத்தில் முக்கியமான சக்திகளையெல்லாம் கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு எந்தத் திசையிலும் போகலாம். துணிச்சல் இருந்தால் நேராகக் கடைசி எதிரியின் அரண்மனைக்கே போகலாம். எந்தப் பாறையிலும் ஏறலாம் என்பது புதிதாகச் சேர்த்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டத்தின் குணத்தை மாற்றியது எடுத்துவிட்டவைதான்: கட்டாய வரிசை போனது, என்றைக்கும் கையோடிருக்கும் வாள் போனது. ஆயுதங்கள் நாலு அடியில் உடைந்துபோவதைப் பழைய ரசிகர்கள் பலர் இன்றும் மன்னிக்கவில்லை. அந்த வடிவத்தைச் சோதிக்க, 1986 கேமின் தோற்றத்திலேயே ஒரு தட்டையான மாதிரியைச் செய்து பார்த்ததை அவர்கள் 2017இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் காட்டினார்கள். முதல் கேமில் இருந்த, பின்னாட்களில் அடியில் போய்விட்ட ஒன்றைத் தோண்டியெடுக்கத்தான் அத்தனை பெரிய வேலையும்.

(நம் ஊர்ப் பிரௌசிங் சென்டர்களில் ‘வைஸ் சிட்டி’ என்ற கேமை ஆடி வளர்ந்த தலைமுறைக்கு, அது இடம்பெற்ற தொடர் 1997இல் தொடங்கியபோது ஊரை வானத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்த்த ஒரு தட்டையான கேமாக இருந்தது என்பதே ஆச்சரியமாக இருக்கும். 2001இல் வந்த மூன்றாம் பாகம்தான் ஆட்டக்காரரைத் தெருவில் இறக்கிவிட்டது.)

இனிச் சதுரங்கம். இங்கே மனப்பாடத்தின் பாரம் எந்த வீடியோ கேமையும்விட அதிகம். 1997இல் ஐபிஎம்மின் டீப் ப்ளூ கணினி உலகச் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது உலகச் செய்தி. இன்று பையில் கிடக்கும் செல்போனில் ஓடும் சதுரங்க எஞ்சின் டீப் ப்ளூவைவிடப் பலமானது. பெரிய ஆட்டக்காரர்கள் வீட்டிலேயே எஞ்சினோடு உட்கார்ந்து இருபது, இருபத்தைந்து நகர்த்தல்கள்வரை தயாரித்துக்கொண்டு வருகிறார்கள். எதிரியும் அதையே தயாரித்திருந்தால் இருவரும் மளமளவென்று நகர்த்திவிட்டுக் கை குலுக்கிப் போகலாம். 2018இல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் உலகப் பட்டத்துக்கு ஆடிய 12 ஆட்டங்களும் டிரா. உலகப் பட்டப் போட்டி வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. கடைசியில் விரைவு ஆட்டங்களில்தான் கார்ல்சன் பட்டத்தைத் தக்கவைத்தார்.

சதுரங்கம் செத்துவிட்டது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. 2024 நவம்பர்–டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்காகக் குகேஷும் டிங் லிரெனும் ஆடிய 14 ஆட்டங்களில் ஐந்தில் வெற்றி தோல்வி இருந்தது. பதினெட்டு வயதுச் சென்னைப் பையன் கடைசி ஆட்டத்தில்தான் பட்டம் வென்றார். பழைய விதிகளுக்குள்ளேயே மூச்சு இருக்கிறது. ஆனால் அந்த மூச்சுக்கு அவர்கள் கொடுக்கும் விலை, மாதக்கணக்கில் பல பேர் சேர்ந்து செய்யும் தயாரிப்பு.

முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர் இந்த மனப்பாடச் சிக்கலை முன்கூட்டியே பார்த்தார். 1996 ஜூனில் புவனோஸ் அயர்ஸில் அவர் அறிவித்த முறையில், பின்வரிசைக் காய்களின் இடம் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குலுக்கலில் மாறும். நிபந்தனை இரண்டுதான்: மந்திரிகள் இரண்டும் எதிரெதிர் நிறக் கட்டங்களில் நிற்க வேண்டும், ராஜா இரண்டு யானைகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். கணக்கு எளிது. ஒரு மந்திரிக்கு நான்கு வெள்ளைக் கட்டம், இன்னொன்றுக்கு நான்கு கறுப்புக் கட்டம், ஆக 16 வழி. மிச்சமுள்ள ஆறு கட்டங்களில் ராணிக்கு 6 வழி. ஐந்து கட்டங்களில் இரண்டு குதிரைகளுக்கு 10 வழி. கடைசி மூன்றில் யானை, ராஜா, யானை என்று ஒரே வழி. பெருக்கினால் 960. நாம் ஆடும் வழக்கமான வரிசை அந்தப் பட்டியலில் 518ஆம் எண்ணாக ஒளிந்திருக்கிறது. மனப்பாடம் ஒரே அடியில் ஒழிந்தது. 2019இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே முதல்முறையாக இதற்கு அதிகாரபூர்வ உலகப் போட்டி நடத்தியபோது வெஸ்லி சோ 13.5–2.5 என்று கார்ல்சனைப் புரட்டியெடுத்தார். 2024இலிருந்து ‘ஃப்ரீஸ்டைல்’ என்ற பெயரில் பெரும் பரிசுத்தொகையோடு இது நடக்கிறது. 2025 ஜூலையில் லாஸ் வேகஸில் நம் பிரக்ஞானந்தா கார்ல்சனைத் தோற்கடித்ததும் இந்த முறையில்தான்.

எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. அதைச் சொல்ல எங்கள் பகுதியின் கூத்தைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

மயிலம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்கள் நிறைய. செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலையே அந்த வழிபாட்டின் மூலத்தானமாகச் சொல்லும் மரபுண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்தச் செஞ்சி வட்டாரத்தை வைத்தே திரௌபதி வழிபாட்டைப் பற்றிய தன் பெரிய நூலின் முதல் தொகுதியை 1988இல் வெளியிட்டார். திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ஜுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடப்பான். என்ன நடக்கும் என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. துரியோதனன் சாவான், திரௌபதி கூந்தல் முடிவாள். அது தெரிந்திருப்பதால்தான் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் தைரியமாக இந்த வருஷத்து விலைவாசியைப் பற்றிப் பேச முடிகிறது, நடிகர் துகிலுரிதலில் ஒரு தர்க்கத்தைப் புதிதாக நீட்ட முடிகிறது. புதிதாக வந்தது எது என்று கண்டுபிடிக்கும் வல்லமை அந்தக் கூட்டத்துக்கு எப்படி வந்தது? பழையது அத்தனை பேருக்கும் பொதுவாகத் தெரிந்திருப்பதால் வந்தது.

ஃபிஷரின் 960 முறையில் அந்தப் பொது நிலம் இல்லாமல் போகிறது. குலுக்கலில் வந்த ஒரு வரிசை மறுபடி வருமா என்பதே சந்தேகம். எனவே நேற்று ஆடிய ஆட்டம் இன்றைய ஆட்டத்துக்குப் பேச்சு கொடுப்பதில்லை. கிராண்ட்மாஸ்டர்களுக்கு அது சுதந்திரம். அவர்களிடம் ஆயிரக்கணக்கான நிலைகளைப் பார்த்த கண் இருக்கிறது. ஆனால் ஆரம்பநிலை ஆட்டக்காரர் ஐந்தாவது நகர்த்தலிலேயே திக்குத் தெரியாமல் நிற்கிறார். பார்வையாளர் இன்னும் பாவம். சாம்பியன் செய்தது துணிச்சலா தடுமாற்றமா என்று சொல்ல அவரிடம் அளவுகோல் இல்லை.

வேறொரு வழியைத் தேடியவர் கிராம்னிக். 2019 ஜனவரியில் போட்டி ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸீரோ என்ற கணினி நிரலோடு உட்கார்ந்தார். ஆல்ஃபாஸீரோவுக்கு மனிதர் ஆடிய ஆட்டங்களைக் கொடுத்துப் பழக்கவில்லை. விதிகளை மட்டும் கொடுத்தால் தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொள்ளும். ஒரு விதியை மாற்றிவிட்டு, அந்தப் புதிய விளையாட்டு எப்படி இருக்கும் என்று பார்க்க நூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடிக்கும் ஓப்பனிங்குகளை அது குறுகிய காலத்தில் ஆடிக் காட்டிவிடும். 2020 செப்டம்பரில் கிராம்னிக்கும் டீப்மைண்ட் ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் ஒன்பது மாற்றங்களைச் சோதித்திருந்தார்கள். சிப்பாய் பின்னால் போகலாம், பக்கவாட்டில் போகலாம், தன் காயைத் தானே வெட்டலாம், ஸ்டேல்மேட் என்றால் டிரா இல்லை வெற்றி என்று விதவிதமாக. அவற்றில் மிகக் குறைவாகத் தொடும் மாற்றங்களில் ஒன்று காஸ்லிங்கை எடுத்துவிடுவது. அதைத்தான் கிராம்னிக் 2019 டிசம்பரிலேயே முன்வைத்திருந்தார்.

அந்த ஒரு நீக்கம் பலகையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். வழக்கமான ஆட்டத்தில் பத்து நகர்த்தலுக்குள் இரு ராஜாக்களும் மூலைக்குள் போய்விடுவார்கள், யானைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நடுவுக்கு வந்துவிடும். அதன் பிறகே சண்டை. காஸ்லிங் இல்லாதபோது ராஜா நடுக்கட்டத்திலேயே மாட்டிக்கொள்கிறார். அவரை நகர்த்தி மூலைக்குக் கொண்டுபோக மூன்று நான்கு நகர்த்தல் செலவாகும், அதற்குள் எதிரி தாக்கிவிடலாம். நகர்த்தாவிட்டால் மூலையிலிருக்கும் யானை வெளியே வர வழியில்லை. எனவே ஓரச் சிப்பாயைத் தள்ளி யானையை அந்த வழியாக எடுக்க வேண்டிவரும். வழக்கமான ஆட்டத்தில் ஆசிரியர் பார்த்தால் தலையில் குட்டும் நகர்த்தல் இங்கே நியாயமாகிறது. ராஜாவை எந்தப் பக்கம் நடத்துவது, எப்போது, அல்லது நடுவிலேயே விட்டுவிடலாமா என்ற கேள்வி ஆட்டம் முழுக்க உயிரோடு இருக்கிறது. ஆனால் தொடக்க வரிசை நாம் எல்லாரும் அறிந்ததே. குதிரையின் பாய்ச்சல், சிப்பாய்ச் சங்கிலி, யானை முடிவாட்டம் எல்லாம் பழைய பாடத்திலிருந்து அப்படியே செல்லும். பொது நிலம் மிஞ்சுகிறது, தடம் மட்டும் அழிகிறது.

காஸ்லிங் இல்லாத ஆட்டத்துக்கான முதல் போட்டி 2020 ஜனவரியில் சென்னையில் நடந்தது. ஆட்டங்களில் 89 சதவீதம் வெற்றி தோல்வியில் முடிந்தன. ஆனால் ஒன்றரை ஆண்டு கழித்து டார்ட்முண்டில் நான்கில் மூன்று டிரா. இந்த முரணை மூடிமறைக்கக் கூடாது. நான்கு ஆட்டம் என்பது எதையும் நிரூபிக்கப் போதாது. மேலும் ஆனந்தும் கிராம்னிக்கும் முப்பது ஆண்டுகளாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ராஜா அபாயத்தில் நின்றாலும் சமாளிக்கத் தெரிந்தவர்கள். சென்னைக் கணக்கிலும் ஆட்டக்காரர்களிடையே பலத்தில் வித்தியாசம் இருந்தால் வெற்றி தோல்வி கூடத்தான் செய்யும். எனவே ‘டிரா ஒழிந்தது’ என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. டிராவின் எண்ணிக்கையை வைத்து இதை எடை போடுவதே தவறு. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஆனந்த் யோசிக்க வேண்டியிருந்ததா என்று கேட்க வேண்டும். வேண்டியிருந்தது.

விதியில் கை வைப்பது பாவம் என்று நினைப்பவர்களுக்குச் சதுரங்கத்தின் சொந்த வரலாறு பதில் சொல்லும். இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போன ஆட்டத்தில் இன்று ராணி நிற்கும் இடத்தில் அமைச்சர் ஒருவர் நின்றார். குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் அவரால் போக முடியும். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் அந்தக் காய் திடீரென்று பலகை முழுக்கப் பாயும் ராணியானது. வலென்சியாவில் சுமார் 1475இல் எழுதப்பட்ட ஒரு சதுரங்கக் கவிதையில் அந்தப் புதிய ராணி ஆடுகிறாள். 1497இல் லூசேனா அச்சிட்ட நூலில் பழைய விதிப் புதிர்களும் புதிய விதிப் புதிர்களும் கலந்தே இருக்கின்றன. மாற்றத்தின் நடுவில் நின்ற ஓர் ஆட்டக்காரரை அந்த நூலில் பார்க்கலாம். ராணியும், இன்று நாம் மந்திரி என்னும் காயும் இத்தனை பலம் பெற்ற பிறகு நடுவில் நிற்கும் ராஜாவுக்குப் பாதுகாப்பு போதவில்லை. காஸ்லிங் நிலைபெற்றதற்கு அந்த நெருக்கடி ஒரு முக்கியமான காரணம். வீடியோ கேம்காரர்கள் இதை ‘பேட்ச்’ என்பார்கள். அந்தப் பேட்சும் ஒரே வடிவில் இறங்கவில்லை. இத்தாலியில் 19ஆம் நூற்றாண்டு வரை அவர்களுக்கென்று வேறொரு காஸ்லிங் முறை இருந்தது.

இந்தியாவின் பழைய ஆட்டத்தில் காஸ்லிங் வேரே பிடிக்கவில்லை. நம் பழைய நாட்டு முறையில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரே கட்டம்தான். ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் செக் வாங்குவதற்கு முன், குதிரையைப் போலத் தாவலாம். அந்த ஆட்டத்தில் வளர்ந்தவர்தான் மீர் சுல்தான் கான். பஞ்சாபிலிருந்து 1929இல் லண்டன் போய் அந்த ஆண்டே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 என்று மேலும் இரு முறை வென்றார். ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் காபபிளாங்காவையே தோற்கடித்தார். ஐரோப்பிய ஓப்பனிங்குகளை அவர் சரியாகப் படித்ததில்லை என்பது அன்று எல்லாரும் அறிந்த குறை. அந்தக் குறையோடு நடு ஆட்டத்துக்கு வந்து, அங்கிருந்து அவர்களை வென்றார். மனப்பாடத்தை ஒதுக்கிவிட்டால் யாருக்கு வாய்ப்பு கிடைக்கும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இந்த விஷயம் என்னை இவ்வளவு தொந்தரவு செய்வதற்குக் காரணமும் அதுதான். 2022இல் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் நேர் வடக்கே இருக்கும் ஊர். அதையொட்டித் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டிகள் நடந்தன, பலகைகள் வந்தன. ஒரு பிள்ளை மயிலத்திலோ கூட்டேரிப்பட்டிலோ ரெட்டணையிலோ அந்தப் பலகையில் நன்றாக ஆடக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் மாவட்டப் போட்டியைத் தாண்டி மாநிலப் போட்டிக்குப் போனால் எதிரே உட்கார்ந்திருப்பது சென்னைப் பயிற்சி மையத்திலிருந்து வந்த பிள்ளை. பதினைந்து நகர்த்தல்வரை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் இலவசம், செல்போனிலேயே கிடைக்கும். அது காட்டும் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லித்தரும் ஆசிரியர் இலவசமாகக் கிடைப்பதில்லை. நம் பிள்ளை யோசித்து யோசித்துக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கடிகாரம் ஓடுகிறது, எதிராளிக்கு ஓடுவதில்லை. பதினாறாவது நகர்த்தலில் இருவரும் சமமாக யோசிக்கத் தொடங்கும்போது நம் பிள்ளையிடம் பாதி நேரம் இருக்காது.

காஸ்லிங் இல்லாத ஆட்டம் இந்த வேறுபாட்டை முழுதாக ஒழித்துவிடாது. இன்னும் பத்தாண்டு ஆடினால் இதற்கும் ஓப்பனிங் புத்தகங்கள் வரும், பயிற்சி மையங்கள் வரும். ஆனால் இன்றைக்கு அந்தப் புத்தகங்கள் பெரிதாக இல்லை. இதற்குப் புதிய பலகை வேண்டாம், குலுக்கல் எந்திரம் வேண்டாம், பத்து நொடியில் விதியைச் சொல்லிவிடலாம். ஒரு வட்டார அளவிலான பள்ளிப் போட்டியில் வழக்கமான சுற்றுகளோடு இப்படி இரண்டு சுற்று வைக்கலாம். ஆடித் தோற்ற பிள்ளைக்கும் தான் எங்கே தவறினோம் என்பது நினைவிருக்கும். தவறு அவளுடையதாக இருக்கும், படிக்காத புத்தகத்தினுடையதாக இருக்காது.

தடை எங்கே வரும் என்பதும் தெரிந்ததுதான். ஃபிடேயின் வழக்கமான ரேட்டிங் வழக்கமான விதிகளில் ஆடினால்தான் கிடைக்கும். ரேட்டிங் இல்லாத ஆட்டத்துக்குப் பெற்றோர் பேருந்துச் செலவு செய்து பிள்ளையை அனுப்ப யோசிப்பார்கள், விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அந்தச் சான்றிதழ் உதவாது. ஃபிடேயின் விதி நூலில் 960க்கு வழிகாட்டுதல் சேர்ந்தது, பெரிய ஆட்டக்காரர்கள் அதை விடாமல் ஆடிக்கொண்டே இருந்த பிறகுதான். காஸ்லிங் இல்லாத ஆட்டத்துக்கு அப்படி ஒரு கூட்டம் இன்னும் சேரவில்லை. முதல் போட்டி நடந்த ஊர் சென்னை. ஆனந்த், பிரக்ஞானந்தா, குகேஷ் மூவரின் ஊரும் அதுவே. இரண்டாவது கூட்டத்தை வேறெங்கோ தேட வேண்டிய அவசியம் தமிழ்நாட்டுக்கு இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் போட்டி அட்டவணையில் ஒரு சனிக்கிழமை போதும்.